எந்தக் கிழக்கு?

மொன்றியல் நகரத்தில் சூரியன் வடக்கே அஸ்தமிக்கிறான் என்று அந்நகரத்தார் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அதில் வேடிக்கை பாதி, உண்மை பாதி. 1672-ஆம் ஆண்டில் சுல்பீசியச் சபையைச் சேர்ந்த பிரான்சுவா தொலியே த கசோன் என்னும் குருவானவர் அந்நகரின் முதல் வீதிகளுக்குக் கோடு கிழித்தபோது, வானத்தைப் பார்த்து அளக்காமல் ஆற்றைப் பார்த்தே அளந்தார். சென்ட் லாரன்ஸ் ஆறு, மொத்தத்தில் நோக்கினால், மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலில் கலப்பதுதான். ஆனால் நகரம் எழுந்த அந்த இடத்தில் மட்டும் அது திரும்பி, ஏறக்குறைய வடக்கு முகமாகவே ஓடுகிறது. ஆற்றோடு ஒட்டிச் சென்ற வீதிகளைக் கிழக்கு மேற்கென்றும், ஆற்றங்கரையிலிருந்து உள்ளே ஏறிய வீதிகளைத் தெற்கு வடக்கென்றும் ஜனங்கள் வழங்கத் தலைப்பட்டு, அந்த வழக்கமே வீட்டு இலக்கத்திலும் தபால் விலாசத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் வேரூன்றிவிட்டபடியால், நகரத்தார் வடக்கென்று கைநீட்டும் திக்கு, துருவ நக்ஷத்திரம் நிற்கும் வடக்கிலிருந்து 60 பாகைக்குச் சற்றே குறைய மேற்கே விலகி நிற்கிறது. நடுக்கோடையில் சென் லோரான் பெருவீதியின் 'வடகோடி'யில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். மார்கழியில் அதே வீதியின் 'தென்கோடி'யில் அவன் உதயமாவதையும் பார்க்கலாம்.

ஆறு, ஏழு பிராயத்துக் குழந்தைகளுக்குத் தேசப்படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் புகும் ஆசிரியர், இப்பேர்ப்பட்ட ஊரில், முதற்படியிலேயே ஒரு தத்துவ விசாரத்தில் கால் இடறுகிறார். திக்கு என்பது உள்பொருளா, அல்லது நாம் நம் சௌகரியத்துக்காக இட்டுக்கொண்ட வழக்கா? வழக்குத்தான் என்றால், இல்லாத ஒன்றைக் காட்டிக் குழந்தையை உள்ள ஒன்றுக்கு அழைத்துச் செல்வது தகுமா? நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகளும் வேதாந்திகளும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய விஷயம் இது. அதை ஒரு கனேடியத் தீவின் பள்ளிக்கூடத்தில், வண்ணப் பென்சில்களுக்கு நடுவே, மறுபடியும் சந்திக்க நேர்வதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. குழந்தைகள் கேட்கும் கேள்விகளை விடச் சிரமமானவற்றைச் சாஸ்திரிகள் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் குறிப்பிடும் தீவு இல்-பிசார். மொன்றியல் பெருந்தீவின் மேற்குப் பகுதியை அடுத்து, இரு மலைகளின் ஏரியிலிருந்து ரிவியேர் தே ப்ரேரி என்னும் ஆறு புறப்படும் முகத்தில், 23 சதுர கிலோமீட்டர் அளவில் அது கிடக்கிறது. பொனவாந்தியூர் என்று முன்பு பெயர் வழங்கிய இத்தீவை, 1678-இல், புதிய பிரான்சின் கவர்னராயிருந்த பிரோந்தனாக் பிரபு தம் பரிவாரத்து அதிகாரி ஜாக் பிசாருக்கு மானியமாக அளித்தார். அவர் பெயரே தீவுக்கும், பிற்காலத்தில் அதைப் பெருந்தீவோடு பிணைத்த பாலத்துக்கும் நிலைத்தது. எதிர்ப்புறத்தில் லவால் கரைக்குச் செல்ல, ஆறு உறையாத மாதங்களில், கம்பியைப் பற்றிக்கொண்டு நகரும் சிறு படகுத்துறை ஒன்று உண்டு. நடுவே ஒரு பெரிய வனப்பூங்கா, அதனுள் சதுப்பு நிலத்தின் மேலே போட்ட மரப்பலகை நடைபாதை, கரை ஓரமாகத் தீவைச் சுற்றிவரும் சாலை. தேசப்படம் கற்பதற்கு இதைவிட உசிதமான இடம் கிடைப்பது அரிது. ஏனெனில் குழந்தை காகிதத்தில் வரையும் கோடு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து மூடிக்கொள்கிறது. உலகத்தின் ஒரு துண்டையாவது முழுவதும் கண்டுவிட்டோம் என்னும் திருப்தி அதற்குக் கிட்டுகிறது. கண்டத்தின் நடுவே பிறந்த குழந்தைக்கு அந்தத் திருப்தி இல்லை.

கியூபெக் மாகாணத்தின் பாடத்திட்டம், முதல் இரண்டு வகுப்புகளில், மலைகளையும் நதிகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்விப்பதை விட்டு, இடம், காலம், சமூகம் என்னும் மூன்றைப் பற்றியும் தன் மனச்சித்திரத்தைக் குழந்தையே கட்டியெழுப்ப வேண்டும் என்று விதிக்கிறது. இதற்குப் பின்னால் நிற்பவர்களில் முக்கியமானவர் ஜான் பியாஜே. ஜாக் பிசார் சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் பிரதேசத்திலிருந்து வந்தவர். அவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் 1896-இல் அதே நியூஷாத்தெலில் பிறந்தவர் பியாஜே. இதை ஒரு பொருத்தம் என்று சொல்லி மகிழலாமே தவிர, இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. பார்பெல் இன்ஹெல்டர் என்னும் அம்மையாரோடு சேர்ந்து அவர் 1948-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேஜையின்மேல் மூன்று மலைகளின் மாதிரியுருவை வைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு பொம்மையை நிறுத்தி, பொம்மையின் கண்ணுக்கு மலைகள் எப்படித் தெரியும் என்று குழந்தைகளைக் கேட்டார். சிறு குழந்தைகள், தாங்கள் இருந்த இடத்திலிருந்து தெரிந்த காட்சியையே பொம்மையின் காட்சி என்று எடுத்துக் காட்டின. பிற்காலத்தார் அவரை மறுத்ததும் உண்டு. விமானத்திலிருந்து எடுத்த நிழற்படத்தைக் காட்டினால் பள்ளி சேருமுன்பே குழந்தைகள் வீட்டையும் வீதியையும் அடையாளம் கண்டுகொள்வதை 1970-ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் பிளௌட் முதலியோர் காட்டினார்கள். எந்த வயதில் என்பதில்தான் தகராறு. தன் கண்ணை விட்டு வெளியேறி, தன்னையே மேலிருந்து ஒரு புள்ளியாகப் பார்க்கும் அந்தச் செயல் சாமானியமானதல்ல என்பதில் இரு சாராருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. வேதாந்தம் சாக்ஷி என்று சொல்லும் நிலைக்கு இதைச் சமானமாக்குவது மிகை. ஆனாலும், நான் பார்க்கிறேன் என்பதிலிருந்து நான் பார்க்கப்படுகிறேன் என்பதற்கு ஒரு ஜீவன் அடியெடுத்து வைக்கும் முதல் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று என்று சொல்வதில் பிழையில்லை.

ஜாக் பிசார் பாலத்தின் தலைமாட்டில் ஒரு காலை வேளையில் பள்ளிக் குழந்தைகள் சிலர் கையில் தீவின் படத்தை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க வாய்த்தது. படத்தில் உள்ள ஆறும் கண்ணெதிரே ஓடும் ஆறும் ஒரே பக்கமாக இருக்கும்படி செய்யவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார் போலும். சில குழந்தைகள் நின்ற நிலையிலேயே காகிதத்தை மட்டும் சுற்றின. எழுத்துக்கள் தலைகீழாகிவிட்டதைப் பற்றி அவை கவலைப்படவில்லை. வேறு சில, எழுத்தை நேராகப் பிடித்தபடி, காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தாமே சிறுகச் சிறுகக் காலை நகர்த்தித் திரும்பின. இன்னும் ஒரு பையன் காகிதத்தைத் தரையில் விரித்துக் காற்றில் பறக்காமலிருக்கத் தன் காலணியைக் கழற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டு, படத்தைச் சுற்றி நடந்தான். உலகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது ஒரு மார்க்கம், தன்னை உலகத்தின் பக்கம் திருப்பிக்கொள்வது மற்றொரு மார்க்கம் என்றால், இரண்டையும் விடுத்து நடுவில் பொருளை வைத்துப் பிரதக்ஷிணம் செய்த அந்தப் பையனை எந்தச் சித்தாந்தத்தில் சேர்ப்பது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தத் தீவிலேயே குடியிருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றில் நடந்த சம்பாஷணையையும் இங்கே சொல்லவேண்டும். புது வீட்டில் துணிமணி வைக்கும் சுவர் அலுமாரி ஒன்றைச் சாமியறையாக்கி, கதவைக் கழற்றிவிட்டு, நடுத்தட்டில் முருகனையும் பிள்ளையாரையும் எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். பித்தளைக் குத்துவிளக்கைக் கையில் பிடித்தபடி, பாட்டியார் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கிழக்கு எந்தப் பக்கம்? விளக்கை அந்தப் பக்கம் பாத்து வைக்கவேணும்."

"எந்தக் கிழக்கு, அம்மம்மா? மெட்ரோப் படத்தில இருக்கிற கிழக்கோ, சூரியன் வாற கிழக்கோ?"

"கிழக்கில என்ன ரெண்டு கிழக்கு! சூரியன் வாறதுதான் கிழக்கு."

"அது ஒவ்வொரு நாளும் வேற வேற இடத்தாலயெல்லோ வருது. ரீச்சர் யன்னல் கண்ணாடியில ஒட்டிப் பாக்கச் சொன்னவ."

பாட்டியார் போய்ப் பார்த்தார். யன்னல் கண்ணாடியில் நக்ஷத்திர வடிவான சிறு ஒட்டுத்தாள்கள், புரட்டாசியிலிருந்து மார்கழி வரையில் வலப்புறமாகச் சென்று, பிறகு இடப்புறமாகத் திரும்பி வரிசையாக நின்றன. யாழ்ப்பாணத்தில் உதய ஸ்தானம் சரிகிழக்கிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் 24 பாகை வரையில்தான் ஊசலாடும். 45 பாகை அக்ஷாம்சத்தைத் தாண்டிய மொன்றியலில் அது இருபுறமும் 35 பாகை வரை போய்விடுகிறது. ஆகவே பாட்டியார் பிறந்த மண்ணில் கவனியாமல் விடக்கூடிய ஒன்றை, பேத்தி பிறந்த மண்ணில் கவனியாமல் விடமுடியாது.

பேத்தியின் கேள்விக்குச் சாஸ்திரத்தில் விடை உண்டு. கணாதருடைய வைசேஷிக தரிசனம், நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், காலம், திக்கு, ஆன்மா, மனம் என ஒன்பது திரவியங்களை எண்ணுகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் அதன் தலைவி சமயவாதிகளிடம் கேட்டறிந்த வைசேஷிகக் கொள்கையிலும் இந்த ஒன்பது இடம்பெறுகின்றன. திக்கை ஏன் தனித் திரவியமாகக் கொள்ளவேண்டும் என்றால், இதற்கு இது இப்புறத்தில் இருக்கிறது, அதற்கு அது அப்புறத்தில் இருக்கிறது என்னும் அறிவு நமக்கு உண்டாவதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா, அந்தக் காரணமே திக்கு என்கிறார் கணாதர். அது ஒன்றே, நித்தியமானது, எங்கும் நிறைந்தது. அப்படியானால் கிழக்கு, மேற்கு என்னும் பேதம் எங்கிருந்து வந்தது? சூரியனுடைய சேர்க்கையால், அதாவது உபாதியால், வந்தது. சூரியன் முன்பு சேர்ந்த, இப்போது சேர்கிற, இனிச் சேரப்போகிற பக்கம் கிழக்கு. முக்காலத்தையும் அவர் சேர்த்துச் சொன்னதில் உள்ள நுட்பத்தை யன்னலில் ஒட்டிய நக்ஷத்திரங்கள்தான் எனக்கு விளக்கின. இன்று உதித்த இடம் மட்டுமே கிழக்கென்றால் நாளைக்குக் கிழக்கு மாறிவிடும். உதித்ததும் உதிக்கப்போவதுமான எல்லாவற்றையும் அணைத்துக்கொண்ட ஒரு பக்கம் என்றால், அந்த ஊசலாட்டமே கிழக்குக்கு உடம்பாகிவிடுகிறது.

கணாதரின் வழிவந்த பிரசஸ்தபாதர், மேருவைச் சூரியன் வலம்வருவதை வைத்தே மகரிஷிகள் திக்குகளுக்குப் பத்துப் பெயர் வைத்தார்கள் என்றும், அவை உலக வியவகாரத்தின் பொருட்டு வைத்த பெயர்களே என்றும் சொல்லி, இந்திரன், அக்கினி, யமன் முதலிய காவலர்களின் பெயரால் அவற்றை அழைக்கிறார். இல்-பிசாருக்கு மேற்கே ஏரியின் அக்கரையில், கனேசதாகே என்னும் ஊரில் மோஹாக் ஜாதியார் வாழ்கிறார்கள். ஹோதெனோஷோனி என்னும் நெடுமனைக் கூட்டமைப்பில் இவர்கள் கிழக்கு வாயிலின் காவலர்கள். செனிக்கா என்னும் ஜாதியார் மேற்கு வாயிலின் காவலர்கள். திக்கு என்பது ஒரு பொருளாக இருப்பதற்கு முன்னே ஒருவருக்கு ஒப்படைத்த கடமையாக இருந்தது என்பதில் அவர்களும் பிரசஸ்தபாதரும் கைகுலுக்கிக்கொள்ளலாம்.

வைசேஷிகர் சொன்னதை எல்லாரும் ஒப்பவில்லை. சாங்கியர் திக்கும் காலமும் ஆகாயத்திலிருந்தே தோன்றுவன என்று சொல்லி அவற்றின் தனித்தன்மையைக் கழித்துவிட்டார்கள். வங்காளத்தில் பதினாறாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த ரகுநாத சிரோமணி, நியாய சாஸ்திரத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, திக்கும் காலமும் ஈசுவரனின் வேறானவை அல்ல என்று ஒரே வெட்டில் வெட்டினார். எங்கும் நிறைந்த, நித்தியமான ஈசுவரன் ஒருவன் இருக்கையில், எங்கும் நிறைந்த நித்தியமான வேறு இரண்டு பொருள்கள் எதற்கு என்பது அவர் கேட்ட கேள்வி. தர்க்கத்தில் சிக்கனம் என்பது எவ்வளவு தூரம் பக்தியின் எல்லைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன். பாட்டியாரின் விளக்கு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று இதிலிருந்து உடனே முடிவு கட்டிவிடக்கூடாது. திக்கே ஈசுவரன் என்றால் எந்தத் திக்கும் சம்மதம் என்பது ஒரு முடிவு. எந்தத் திக்கையும் அலட்சியமாகப் பார்க்க உரிமை இல்லை என்பது அதே வாக்கியத்தின் இன்னொரு முடிவு. எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது.

இனி, பொய்யைக் கொண்டு மெய்யைக் காட்டலாமா என்னும் கேள்விக்கு வருவோம். சங்கராசாரியார் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இதை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். உலகம் மித்தையானால், அந்த உலகத்தைச் சேர்ந்த சாஸ்திரமும் மித்தைதானே, அதனால் எப்படிச் சத்தியமான ஞானம் உண்டாகும் என்று எதிர்வாதி கேட்க, காகிதத்தில் அல்லது ஓலையில் உள்ள கீறல்கள் அகரமும் அல்ல, ககரமும் அல்ல. ஆயினும் அந்தப் பொய்யெழுத்துக்களிலிருந்து உண்மையான எழுத்தொலியின் அறிவு உண்டாவதைக் காண்கிறோமல்லவா என்று விடை சொல்லுகிறார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகிய எந்தக் குழந்தையும் ஆட்சேபிக்க முடியாத விடை. அருந்ததியைக் காட்டப் புகுவோன் முதலில் அருகிலுள்ள பெரிய நக்ஷத்திரத்தையே அருந்ததி என்று காட்டி, கண் அங்கே நிலைத்த பிறகு, அது அல்ல, இது என்று சிறிய நக்ஷத்திரத்துக்கு நகர்த்துவதையும் அவர் வேறிடத்தில் எடுத்தாளுகிறார். அம்மி மிதித்து அருந்ததி பார்த்த தம்பதிகள் எத்தனை பேர் அந்த இரண்டாவது நக்ஷத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்; பகலில் முகூர்த்தம் வைத்தால் முதலாவதும் தெரியாது.

தேசப்படமும் இப்படிப்பட்ட கீறல்தான். நீலக் கோடு நீர் அல்ல, பச்சைத் திட்டு மரம் அல்ல. ஆனால் ஆசாரியாரின் திருஷ்டாந்தத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருப்பதை மறைக்கலாகாது. அகரத்தின் கீறல் அகர ஒலியைப் போன்றது என்று யாரும் பாசாங்கு செய்வதில்லை. அதனால் அது ஒருவரையும் ஏமாற்றுவதில்லை. தேசப்படமோ, நான் பூமியைப் போன்றவன் என்று சொல்லிக்கொள்கிறது. போலச் செய்வது எங்கே உண்டோ அங்கேதான் மயக்கமும் உண்டு. மெட்ரோ நிலையத்துச் சுவரிலுள்ள படம் நகரத்தாரின் வடக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் ஒரு கோணல் இருப்பதாக அது ஒருபோதும் சொல்வதில்லை. வகுப்பறைச் சுவரிலுள்ள உலகப் படம் உருண்டையைத் தகடாக்கிவிட்டு, தகடாக்கினேன் என்று சொல்வதில்லை.

இந்தத் தகட்டினால் விளைந்த உண்மையான ஒரு சமயத் தகராறு வட அமெரிக்காவிலேயே உண்டு. தொழுகைக்கு மக்காவை நோக்கவேண்டிய முஸ்லிம்களில் சிலர், சுவரிலுள்ள படத்தைப் பார்த்து, மக்கா தென்கிழக்கே இருக்கிறது என்றார்கள். உருண்டையின்மேல் குறுகிய வழியைக் கணித்தவர்கள் வடகிழக்கே என்றார்கள். மொன்றியலிலிருந்து அந்தக் கணிப்புப்படி அது வடக்கிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 59 பாகை. பெரும்பாலான பள்ளிவாசல்கள் வடகிழக்கையே கைக்கொண்டுவிட்டன. இரு கட்சியாரும் சிரத்தையுள்ளவர்களே. இரு கட்சியாரிடமும் படம் இருந்தது. படம் எதனால் ஆனது என்று சிறு பிராயத்தில் ஒரு கட்சியாருக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவே.

அந்தப் பேத்தி வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. அதில் மொன்றியலில் நூலின் ஒரு நுனியை அழுத்திப் பிடித்து, மறு நுனியை யாழ்ப்பாணத்தில் வைத்து விறைப்பாக இழுத்தால், நூல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே கிழக்காகப் போகவில்லை. கிரீன்லாந்தின்மேல் ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் கடந்து, மறுபுறம் ரஷ்யாவின் வழியே இறங்கி வந்தது. புறப்படும்போது அதன் திக்கு வடக்கிலிருந்து கிழக்கே 30 பாகை. இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நகரத்தாரின் வடக்கு 60 பாகைக்குச் சற்றுக் குறைய மேற்கே சாய்ந்திருக்குமானால், நகரத்தாரின் கிழக்கு, மெய்வடக்கிலிருந்து முப்பத்துச் சில்லறைப் பாகையில் விழுகிறது. அதாவது, குருவானவர் ஆற்றைப் பார்த்து இட்ட பொய்க்கிழக்கு, சூரியனைக் காட்டாமல், யாழ்ப்பாணத்தைக் காட்டுகிறது. இந்தத் தற்செயலைக் கண்டு பரவசப்படுவதற்கில்லை. ஆறு நம்மை நினைத்துக்கொண்டு வளையவில்லை. தவிரவும், நகரத்தின் நடுப்பகுதியில் உள்ள இந்தக் கோணல் மேற்கே வரவரக் குறைந்து, இல்-பிசாருக்கு அருகில் பாதியாகிவிடுகிறது. ஆயினும் ஒரு பிழையான திக்கு ஒரு கேள்விக்குப் பிழையாகவும் மற்றொரு கேள்விக்குச் சரியாகவும் இருக்கக்கூடும் என்பதை ஏழு வயதுக் குழந்தை ஒரு நூலைக்கொண்டு கண்டுவிட்டால், உபாதி என்னும் சொல்லை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுப்பது மிகச் சுலபம்.

கோடு கிழிப்பதன் அதிகாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தென்னாட்டை முக்கோணங்களாக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன், காவிரிச் சமவெளியில் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தபடியால் கோயில் கோபுரங்களை நாடினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அவருடைய பெரிய கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. பெருவுடையாருக்கு எழுப்பிய சிகரம் கும்பினியின் படத்துக்கு ஒரு புள்ளியாக நேர்ந்த அந்த நாளை நம் சரித்திரப் பாடங்களில் அதிகம் காணோம். இல்-பிசாரிலோ, 2017-ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளத்தில் கரையோர வீடுகள் மூழ்கின; 2019-இல் மறுபடியும் வெள்ளம் வந்தது; அவ்வாண்டிலேயே மாகாண அரசு வெள்ள அபாயப் பகுதிகளைப் படத்தில் குறித்து வெளியிட்டபோது, கோட்டுக்கு இப்புறம் வீடு திருப்பிக் கட்டலாம், அப்புறம் கட்டலாகாது என்றாகி, ஊருக்கு ஊர் முறையீடுகள் எழுந்தன. தீவில் வளரும் குழந்தைக்குத் தேசப்படத்தின் கோடு வெறும் கோடு அல்ல என்பதை யாரும் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், கோடுகள் அனைத்தும் சரியாக இருந்தாலும், ஒன்று இல்லாமல் படம் செத்த காகிதமே. காந்த் என்னும் ஜெர்மானிய தத்துவ ஞானி 1768-இல் எழுதிய சிறு கட்டுரையில், ஒருவனிடம் மிகத் துல்லியமான வானப் படம் இருந்தாலும், அது தன் இடக்கைக்கும் வலக்கைக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று அவன் அறியாவிட்டால், சூரியன் எப்பக்கம் உதிப்பான் என்பதை அந்தப் படத்திலிருந்து அவன் அறியமுடியாது என்றார். பூங்காக்களின் வாயிலில் பெரிய படப்பலகை நட்டு, சிவப்புப் புள்ளி ஒன்றின் பக்கத்தில் 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று எழுதிவைப்பது இதற்காகத்தான். வருகிறவர்கள் எல்லாரும் விரலை அங்கேயே வைத்து வைத்து, கொஞ்ச காலத்தில் அந்தப் புள்ளி தேய்ந்து வெள்ளையாகிவிடுகிறது. பலகையில் மற்றவை யாவும் தெளிவாயிருக்க, நிற்கிற இடம் மட்டும் வாசிக்க முடியாமற் போய்விடுகிறது. படம் எனக்கு நடுவில்லை என்று போதிக்கிறது. அதை உபயோகிக்க முனைந்த உடனே நான் ஒரு நடுவை வைத்தே தீரவேண்டியிருக்கிறது. ஈசுவரன் எங்கும் நிறைந்தவன் என்று ஒரு மூச்சிலும், கிழக்கு முகமாய் உட்கார் என்று மறு மூச்சிலும் சொல்லும் நம் சமயத்தில் முரண்பாடு கண்டவர்கள், தேசப்படத்திலும் அதே முரண்பாட்டைக் காணக் கடமைப்பட்டவர்கள்.

நம்மவர்க்கு இந்தப் புள்ளியிடும் வித்தை புதிதல்ல. எந்தக் கருமத்தைத் தொடங்கும்போதும் சிவாசாரியார் செய்யும் சங்கல்பம், பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவருகிற ஒரு விலாசமே: ஜம்பூத்வீபம், அதனுள் பாரத வர்ஷம், மேருவுக்குத் தென்பால், இன்ன நதிக்கரை, இன்ன ஊர், இன்ன வருஷம், இன்ன திதி, கடைசியில் இன்ன கோத்திரத்து இன்னார். நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பறை, பள்ளிக்கூடம், கிராமம், ஜில்லா என்று விரித்துக்கொண்டு போன பூகோளப் பாடத்தை அப்படியே திருப்பிப் போட்டால் சங்கல்பம். கடல் கடந்த இடத்தில் இந்த விலாசம் பொருந்தாதே என்று கவலைப்பட்டு, வட அமெரிக்க ஆலயங்கள் சிலவற்றில் ஜம்பூத்வீபத்தை மாற்றிக் கிரௌஞ்சத்வீபம் என்றும், அதற்கேற்ப வர்ஷத்தையும் கண்டத்தையும் மாற்றியும் சொல்லுகிறார்கள். நிற்கிற இடத்தை உண்மையாகச் சொல்லவேண்டும் என்னும் அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் மேருவின் பக்கத்தையும் சேர்த்து மாற்றத் துணிகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. விஷ்ணு புராணத்தின் இரண்டாம் அம்சத்தில் பராசரர், சூரியனை எங்கே உதிக்கக் காண்கிறார்களோ அதுவே அவரவர்க்குக் கிழக்கு என்றும், ஆகையால் எல்லாத் த்வீபங்களுக்கும் எல்லா வர்ஷங்களுக்கும் மேரு வடக்கிலேயே இருக்கிறது என்றும் தெளிவாக முடித்திருக்கிறார். ஆரியபடரும் மேருவை வட துருவத்திலேயே வைத்தார். உதிக்கும் சூரியனுக்கு முகங்கொடுத்து நின்றவனுக்கு இடக்கைப் பக்கம் மேரு, அவன் நல்லூரில் நின்றாலும் இல்-பிசாரில் நின்றாலும்.

ஆகவே பக்கத்து ஊரான டொலார்-தேஸ்-ஓர்மோவின் முருகன் கோயிலில் சங்கல்பம் செய்துகொள்ளும் தீவுவாசி, மேருவுக்குத் தென்பால் நிற்கிறேன் என்று தாராளமாகச் சொல்லலாம். அதில் ஒரு எழுத்தையும் திருத்தவேண்டியதில்லை. திருத்தவேண்டியது நதியின் பெயர் ஒன்றுதான். ரிவியேர் தே ப்ரேரி என்பதற்கு ஏழாம் வேற்றுமை உருபை ஏற்றுவது எந்த வியாகரண பண்டிதருக்கும் சங்கடமான காரியம். ஆனால் தேம்ஸையும் ரைனையும் கரைகளாகக் கொண்டு கலியாணம் நடத்திப் பழகிவிட்ட நம் சிவாசாரியார்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள்.